வேன் தண்ணீருக்கு நின்ற இடம்

போன மாதம் பேரனுக்குக் காது குத்துவதற்காகத் திருச்செந்தூருக்கு வண்டி பேசியிருந்தார்கள். டெம்போ டிராவலர் என்று பெயர். உள்ளே ஏறினால் சின்னக் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது. சீட்டு பின்னால் சாய்கிறது, தலைக்கு மேலே குளிர்காற்று அடிக்கிறது, முன்னால் படம் ஓடுகிறது. ஜன்னல் மட்டும் திறக்காது. மருமகள் எனக்கு ஜன்னலோரம் இடம் கொடுத்து, போர்த்திக்கொள்ளத் துண்டும் கொடுத்தாள். சங்கரன்கோவிலில் ஏறியவர்களில் பாதிப் பேர் ஊர் எல்லை தாண்டியதுமே தூங்கிவிட்டார்கள்.

தேவர்குளத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஊர் வரும். அது வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். கண்ணாடியை முந்தானையால் துடைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டிரைவர் தம்பியிடம் ஒரு நிமிஷம் நிறுத்தப்பா என்று சொல்ல வார்த்தை தொண்டை வரை வந்தது. எதற்கு ஆச்சி என்று கேட்டால் என்ன சொல்ல? எல்லாரும் முழித்துக்கொண்டு என்னையே பார்ப்பார்களே என்று கூச்சமாக இருந்தது. அதற்குள் அந்த ஊர் வந்து, போயும் போய்விட்டது. ரோட்டை அகலமாக்கியிருக்கிறார்கள். கிணறு இருந்த இடம் எது என்றுகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த ஊரில்தான் எங்கள் அக்காவைக் கட்டிக் கொடுத்திருந்தது.

எனக்கு அப்போது மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ. அக்கா கல்யாணத்தில் பந்தியைப் பார்த்துக்கொண்டது அத்தை, அப்பாவுக்கு மூத்தவள். அத்தை இல்லாமல் எங்கள் தெருவில் ஒரு விசேஷமும் நடக்காது. யார் எங்கே உட்கார வேண்டும், யாருக்கு எப்போது இலை போட வேண்டும் என்பதெல்லாம் அவள் சொன்னபடிதான். முதல் பந்திக்குச் சட்டையில்லாமல் தோளில் துண்டோடு ஒருவர் வந்து நின்றிருக்கிறார். சமையல்காரரோடு வந்தவர் என்று நினைத்து, “அண்ணாச்சி, சத்தப் பொறுங்க, கடேசிப் பந்தியில பாத்துக்கிடலாம்” என்று அத்தை கையைக் காட்டி அனுப்பிவிட்டாள். அவர் மாப்பிள்ளைக்குத் தாய்மாமா.

தாய்மாமா கை நனைக்காமல் பஸ் ஏறிப் போய்விட்டார். அவர் போனதும் மாப்பிள்ளை வீட்டில் பாதிப் பேர் இலையை மடக்காமலே எழுந்தார்கள். அவர்கள் ஒன்று சொல்ல, அப்பா ஒன்று சொல்ல, கடைசியில் இனி அந்த வாசலை நானும் மிதிக்க மாட்டேன், என் வீட்டாளும் மிதிக்க மாட்டாள் என்று அப்பா சொல்லிவிட்டார். உங்கள் வாசலுக்கு எங்கள் வீட்டுப் பெண்ணும் வர மாட்டாள் என்று அவர்களும் சொன்னார்கள். இரண்டு பக்கமும் மானஸ்தர்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். தலைப்பொங்கலுக்கும் அக்கா வரவில்லை. ஆடிக்கும் வரவில்லை.

அதிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரைப் பேச்சுக்குப் பேச்சு திட்டியதில் அத்தைதான் முதல் ஆள். அப்பாகூடச் சில நாள் சும்மா இருப்பார். அத்தை இருக்க மாட்டாள்.

அப்பாவுக்குப் பூ மார்க்கெட்டில் கடை. அக்கா ஊர்த் தோட்டத்திலிருந்து ஒரு பூக்காரர் தினமும் முதல் பஸ்ஸில் பிச்சிக்கூடையோடு வருவார். அப்பா அவரிடம் பூ வாங்குவாரே தவிர, மகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். திரும்பிப் போகும்போது அவர் எங்கள் வீட்டுப் பக்கமாக வந்து ஒரு செம்பு தண்ணீர் கேட்பார். அம்மாவுக்குச் சேதி வந்ததும் போனதும் அந்த வழிதான். அப்படி ஒரு நாள் வந்தவர், அக்காவுக்கு ஐந்தாம் மாதம் என்றும், பம்பாய்க்கு வேலைக்குப் போயிருந்த மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்றும், வருகிற வெள்ளிக்கிழமை அக்காவையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறப்போகிறார் என்றும் சொன்னார். பிள்ளைப்பேறும் அங்கேதான்.

வேப்பிலைக் காப்பும் தாய் வீட்டு வளையலும் போடாமல் அவ்வளவு தூரம் பிள்ளை பெற அனுப்புவதா என்று அம்மாவுக்கு நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் வேன் ஒன்றுதான்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அத்தையின் கடைசிப் பையனுக்குத் திருச்செந்தூரில் முடியிறக்குவதாக இருந்தது. தெருவில் நாலைந்து வீட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு வேன் பேசினாள் அத்தை. ஆண்கள் யாரும் வரவில்லை, அவரவருக்குக் கடை. வேன்காரருக்கு ஊர் ராயகிரி. மற்ற நாளில் புளியங்குடிச் சந்தையிலிருந்து எலுமிச்சை மூட்டை ஏற்றுவார், கோயில் குளம் என்று யாராவது கேட்டால் பெஞ்சுப் பலகைகளைப் போட்டு ஆட்களை ஏற்றுவார். ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, குறுக்கே ஒரு இரும்புக் கம்பி. வேன் முழுக்க எலுமிச்சை வாசம்.

“மசக்கைக்காரி ஏறுனா ஊரு வாரவரைக்கும் வாந்தியே எடுக்க மாட்டா” என்றாள் எதிர்வீட்டுச் சித்தி.

“ஒனக்கு எதுக்குளா அந்தக் கவலை? கடை அடைச்சு எத்தனை வருசமாச்சு” என்றாள் அத்தை. விடியக் கருக்கலில் தெருவே சிரித்தது.

அப்பா வேன் வரைக்கும் வந்து நின்றார். “எங்க அக்கா பிள்ளைக்கு மொட்டை. போகாம இருக்கக்கூடாது. ஆனா வழியில யாரு வீட்டுலயும் எறங்கப்படாது, பாத்துக்கிடு” என்று அம்மாவிடம் சொன்னார். யார் வீடு என்று அவர் சொல்லவில்லை. அந்த ஊர் ரோட்டிலேயே இருந்தது. வேன் அதன் வழியாகத்தான் போக வேண்டும். ரோட்டை அப்பாவால் என்ன செய்ய முடியும்?

அம்மா அன்றைக்குப் புளியோதரை, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று வகைவகையாகக் கட்டியிருந்தாள். அதில் ஒரு பொட்டலத்தைத் தனியாக மஞ்சள் துணியில் சுற்றி, மடியிலேயே வைத்துக்கொண்டாள். தனக்குத் தலை சுற்றும் என்று சொல்லி ஜன்னலோரமாகவும் உட்கார்ந்துகொண்டாள். ஜன்னலோரத்துக்காக முதல் நாளிலிருந்தே அழுது அடம்பிடித்து வைத்திருந்த நான் அவள் மடிக்கும் கம்பிக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டேன்.

அந்த ஊர் நெருங்கியபோது நன்றாக விடிந்துவிட்டது. அம்மா மெதுவாகக் கேட்டாள். “மைனி, அங்கன ஒரு நிமிசம் நிப்பாட்டச் சொல்லட்டா? நான் எறங்க மாட்டேன்.”

அத்தை வெடித்தாள். “சாமி காரியமாப் போறோம், எவ வாசலுக்கு முன்னாலயோ வண்டிய நிப்பாட்டச் சொல்லுதியா? நேந்த முடி இன்னும் பிள்ளை தலையில இருக்கு. போறப்பவும் நடுவுல நிக்கப்படாது, வாறப்பவும் எவ வீட்டுப் படியும் மிதிக்கப்படாது. கோயிலுக்குப் போனா நேரே நம்ம வீட்டுக்குத்தான் வரணும். இல்லன்னா கும்பிட்ட பலன் அந்த வீட்டோட போயிரும். ஒனக்குத் தெரியாதா?”

அம்மாவுக்குத் தெரியும். தெரு முழுக்க எல்லாருக்கும் தெரியும்.

அப்போதுதான் ரோட்டோரக் கிணற்றடியில் ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு நிற்பதைப் பார்த்தேன். வேனைப் பார்த்ததும் அவள் ரெண்டடி முன்னால் வந்தாள். வேன் நிற்கவில்லை. குடம் இல்லாத கையைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் மேல் புழுதி படிந்தது.

“அம்மா, அது அக்கா!” என்றேன்.

அம்மா என் வாயைப் பொத்தினாள். பின்னால் ஒரு பெண் ‘உச்’ கொட்டினாள். நான் திரும்பி அத்தையைப் பார்த்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் முன்சீட்டில் உட்கார்ந்து, பக்கத்தில் மாட்டியிருந்த கண்ணாடியில் பின்னால் போகிற ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மானூர் வரும்வரை அத்தை அந்தக் கண்ணாடியை விட்டுத் திரும்பவில்லை. அத்தைக்கும் தலை சுற்றுகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

திருச்செந்தூரில் எனக்கு முதல் தடவையாகக் கடல் கிடைத்தது. அதைப் பற்றி எழுதினால் முடியாது. பையன் மொட்டைக்குக் கத்திய சத்தத்தில் பக்கத்து மொட்டைகளெல்லாம் சேர்ந்து அழுதன. நாழிக்கிணற்றில் குளித்தோம், சாமி கும்பிட்டோம், நிழல் பார்த்து உட்கார்ந்து சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தோம். மஞ்சள் துணிப் பொட்டலத்தை மட்டும் அம்மா பிரிக்கவில்லை.

“அதுல என்ன இருக்கு? எடுங்கக்கா” என்று எதிர்வீட்டுச் சித்தி கையை நீட்டினாள்.

“அது ஊசிப்போயிருக்கும். வச்சிருக்கட்டும், வாயில்லாச் சீவனுக்குப் போடலாம்” என்றாள் அத்தை.

எனக்கு அதில் ரொம்ப வருத்தம். அதில் சர்க்கரைப் பொங்கல் இருந்தது எனக்குத் தெரியும். முந்திரிப்பருப்பு போட்டது. காலையில் செய்தது மதியத்துக்குள் எப்படி ஊசிப்போகும்? ஆனால் அத்தை சொன்னால் சொன்னதுதான்.

சாப்பிட்டுவிட்டு அம்மா ஈர மணலில் தனியாகப் போய் உட்கார்ந்தாள். அலை வந்து காலைத் தொட்டதைக்கூட அவள் பார்க்கவில்லை. அத்தை கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விறுவிறு என்று வேன் நின்ற வேப்பமரத்தடிக்குப் போனாள். வேன்காரர் பீடியைப் பின்னால் மறைத்துக்கொண்டு எழுந்தார். அத்தை விரலை நீட்டி நீட்டி என்னவோ சொல்ல, அவர் தலையைச் சொறிந்து, பிறகு ஆட்டினார். பாவம், அவரையும் திட்டுகிறாளே என்று எனக்கு இருந்தது. வரும்போது அத்தை கையில் வேப்பங்கொழுந்து ஒரு கொத்து. மொட்டைத் தலையில் உஷ்ணம் இறங்க என்று கேட்டவர்களுக்குச் சொன்னாள். ஆனால் அதை அம்மாவின் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

திரும்புகிற வழியில் அம்மா அந்தக் கொழுந்துக் காம்புகளை முறுக்கி முறுக்கி ஒரு வளையமாகக் கட்டினாள். எனக்கா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். அவள் முகம் காலையில் இருந்த மாதிரி இல்லை.

திருநெல்வேலியில் பெட்ரோல் போட்ட இடத்தில் வேன்காரர் முன்மூடியைத் தூக்கி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார். கழுத்துவரை நிறைந்து வழிந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதனால்தான் தேவர்குளம் தாண்டி அந்த ஊர்க் கிணற்றருகே வந்ததும் அவர் வேனை ஓரங்கட்டி, “தண்ணி ஊத்தணும், எஞ்சின் கொதிக்கி” என்றபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

“இப்பத்தான் ஊத்துனாரு” என்றேன்.

“நீ டிரைவரா, அவரு டிரைவரா?” என்றாள் அத்தை. பிறகு எல்லாரையும் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். “ஒருத்தியும் எறங்கப்படாது. கோயிலுக்குப் போயிட்டு வாறோம், நெனவிருக்கட்டும். வண்டிக்குத் தண்ணி ஊத்துததுல தோசம் ஒண்ணும் கெடையாது.”

வெயில் சாய்ந்துவிட்டது. காலையில் நின்ற இடத்திலேயே அக்கா குடத்தோடு நின்றாள். இடையில் வீட்டுக்குப் போய் வந்தாளோ, இல்லையோ. தண்ணீருக்கு வருகிற மருமகளை யார் தடுக்க முடியும்? வேன்காரர் அவளைப் பார்த்து, முன்பின் தெரியாதவர் மாதிரி, “தாயி, வண்டிக்குக் கொஞ்சம் தண்ணி குடுப்பியளா?” என்று கேட்டார். காலையிலிருந்து அவர் வாயில் அவ்வளவு நீளமான பேச்சு வந்து நான் கேட்டதில்லை. அக்கா குடத்தை அவரிடம் கொடுத்துவிட்டு, எங்கள் ஜன்னலை நோக்கி நடந்து வந்தாள். வயிறு லேசாகத் தெரிந்தது. அக்கா நன்றாகச் சாப்பிடுகிறாள் போல என்று நினைத்தேன்.

“அக்…” என்று நான் ஆரம்பித்தேன்.

“அன்னா பாரு, மயிலு!” என்று கத்தினாள் அத்தை.

முன்சீட்டிலிருந்து எப்போது பின்னால் வந்தாள் என்று தெரியாது. அம்மாவின் மடியிலிருந்து என்னைத் தூக்கி மறுபக்கத்து ஜன்னலோரம் வைத்துவிட்டாள். “அன்னா, அந்தப் பனைக்கு அங்கிட்டு. பாரு, பாரு, தோகைய விரிக்கப் போவுது!”

நான் பார்த்தேன். பனைமரம் இருந்தது. கீழே விடலிப் பனங்கன்றுகள் இருந்தன. ஒரு ஆடு இருந்தது.

“எங்கத்தை?”

“ஒழுங்காப் பாரு. முருகன் வாகனம்லா, நம்மள வழியனுப்ப வந்துருக்கு.”

எதிர்வீட்டுச் சித்தி ஒரு தடவை அம்மா பக்கம் பார்த்தாள். உடனே அவளும் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். “ஆமாளா! எம்புட்டுப் பெரிய தோகை!” என்றாள்.

“கழுத்தப் பாரேன், நீலமா மின்னுது” என்றாள் இன்னொருத்தி.

“பக்கத்துல பேடும் நிக்கி” என்றாள் பின்னாலிருந்தவள்.

ஒவ்வொருத்தியாகத் திரும்பினார்கள். வேனில் இருந்த அத்தனை பெண்களும் அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒருத்தி தோளில் ஒருத்தி கையை ஊன்றி, அந்தப் பனங்காட்டையே பார்த்தார்கள். எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. எனக்கு மட்டும் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அம்மா என்னமோ மெதுவாகச் சொன்னாள், அக்கா ம், ம் என்றாள். திரும்பப் பார்த்தேன். அத்தை என் தாடையைப் பிடித்திருந்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர். வெறித்துப் பார்த்துப் பார்த்துக் கண் கூசிவிட்டதாக்கும்.

வேன்காரர் அந்த ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார், ஊற்றினார், ஊற்றிக்கொண்டே இருந்தார். முன்னால் ரோடெல்லாம் ஓடியது.

முன்மூடி சாத்துகிற சத்தம் கேட்டதும் அத்தை என் தாடையை விட்டாள். நான் திரும்பியபோது ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு கை மட்டும் தெரிந்தது. முழங்கை வரை பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல், மணிக்கட்டில் அந்த வேப்பிலை வளையம். அம்மாவின் விரலை அது பிடித்திருந்தது. வேன் நகர்ந்ததும் விட்டுவிட்டது. நான் ஜன்னலுக்கு ஓடிப் போய் எட்டிப் பார்ப்பதற்குள் அக்கா குடத்தை எடுக்கக் குனிந்துவிட்டாள். மஞ்சள் துணிப் பொட்டலம் கிணற்றுக் கட்டில் இருந்தது.

அக்கா முகத்தைக் கிட்டத்தில் நான் பார்க்கவே இல்லை. வெள்ளிக்கிழமை அவர்கள் ரயில் ஏறிவிட்டார்கள். ஏழெட்டு வருஷம் கழித்து அக்கா ஊருக்கு வந்தபோது இந்தி பேசுகிற மூன்று பிள்ளைகள் கூட வந்தார்கள். அப்போது அம்மா இல்லை. சண்டையும் இல்லை. அக்காவிடம் நான் அன்றைக்கு நடந்ததைக் கேட்கலாம் என்று பலமுறை பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா அப்போது உன்னிடம் என்னக்கா சொன்னாள் என்று ஒரு கேள்விதான். கூச்சத்தில் கேட்காமலே விட்டுவிட்டேன். இப்போது கேட்பதற்கு அக்காவும் இல்லை.

அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஊர் வந்து சேர்ந்தோம். அப்பா அடுக்களை வாசலில் உட்கார்ந்து, மறுநாள் பூக் கட்ட வாழைநாரை நனைத்துக் கிழித்துக்கொண்டிருந்தார். வழியிலேயே அம்மா என் காதில் சொல்லியிருந்தாள். அக்காவைப் பார்த்ததை அப்பாவிடம் மூச்சுவிடக் கூடாது. நான் மூச்சுவிடவில்லை. ஆனால் மயிலைச் சொல்லக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

“அப்பா, எல்லாரும் மயிலு பாத்தாங்க. நான் மட்டுந்தான் பாக்கல” என்று அவர் மடியில் விழுந்து அழுதேன்.

“எங்கன பாத்தாங்க?”

“தேவர்குளம் தாண்டி. ஒரு கிணத்துக்கிட்ட. வேன் தண்ணிக்கு நின்னுச்சு. அத்தைதான் மொதல்ல பாத்தா.”

“அத்தையா?”

“ஆமா.”

அப்பா நாரைக் கிழிப்பதை நிறுத்தினார். உள்ளே அம்மா பாத்திரம் எடுத்துவைக்கிற சத்தமும் நின்றது. பிறகு அப்பா தலையைத் தூக்காமல், கையிலிருந்த நாரிடம் கேட்கிற மாதிரி கேட்டார்.

“மயிலு நல்லா இருந்துச்சா?”

“நல்லா இருந்துச்சு” என்றாள் அம்மா உள்ளேயிருந்து. “கொஞ்சம் மெலிவு.”

“சடவா, அசதியா இருந்துச்சோ?”

“இல்ல. நல்லா நடந்து வந்துச்சு.”

அப்பா ம் என்றார். நாரை மறுபடி தண்ணீரில் முக்கினார். ஏற்கெனவே நனைந்திருந்த நார்தான்.

எனக்கு ஒரே ஆத்திரமாக வந்தது. அத்தை பார்த்தாள், சித்தி பார்த்தாள், தெருவே பார்த்தது. அவர்களையெல்லாம் விட்டுவிட்டு, அந்தப் பக்கமே திரும்பாத அம்மாவிடம் போய் மயிலைப் பற்றிக் கேட்கிறாரே இந்த அப்பா. அம்மாவும் பார்த்தவள் மாதிரி பதில் சொல்கிறாளே.